காற்று எங்கே இருக்கிறது

அமுக்கு, பிடி, திற, மூடு, விடு. இவ்வளவுதான் வேலை, இதற்கு மேல் இதில் ஒரு வித்தையும் இல்லை. அமுக்குவதும் பிடிப்பதும் விடுவதும் என் கை, திறப்பதும் மூடுவதும் என் வீட்டுக்காரி வசந்தாமணியின் கை. அவள் வண்டியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறாள், எட்டாம் நம்பர் ஸ்பேனரைத் தோசைக் கரண்டி மாதிரி பிடித்திருக்கிறாள், எப்படியோ பிடித்துவிட்டுப் போகட்டும், திருகினால் சரி. நான் ஹேண்டில் பாருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும் என்பதற்காகப் பின் சீட்டில் ஓர் அரிசிச் சிப்பத்தைத் தூக்கி வைத்திருக்கிறோம், வைத்திருக்கிறோம் என்ன, அவள்தான் வைத்தாள், நானும் ஒரு பக்கம் கை கொடுத்ததாக இரண்டு பேருமாக ஒத்துக்கொண்டோம். பிரேக் லிவரை அமுக்கினால் மெத்துமெத்தென்று போகிறது. நல்ல பிரேக் என்றால் கொஞ்சம் போய்விட்டுக் கெட்டியாக நின்றுவிட வேண்டும், இது ஊறவைத்த அவலை அமுக்குவது போலப் போய்க்கொண்டே இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். லிவரிலிருந்து சக்கரம் வரைக்கும் ஒரு குழாய், குழாய் நிறைய பிரேக் ஆயில், ஆயிலை எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது, கை கொடுத்த பலத்தை அப்படியே கொண்டுபோய்ச் சக்கரத்தில் சேர்த்துவிடும். நடுவில் ஒரு பொட்டுக் காற்று புகுந்துவிட்டால் போச்சு, கொடுத்த பலத்தையெல்லாம் அதுவே தின்றுவிடும். ஆகவே லைனில் காற்று இருக்கிறது. இது என் கட்சி. எதிர்க்கட்சியில் வசந்தாமணி, அவள் தம்பி குழந்தைவேலு, பாதித் தெரு. வண்டியில் ஒன்றுமில்லை, கோளாறு என் வலது கையில்தான் என்பது அவர்கள் கட்சி. யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, ஆனால் நான் தண்ணீர் டம்ளரை எடுத்தால் வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

வைகாசியில் ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது, குனிந்து எடுத்தேன், மறுபடி விழுந்தது, அதற்கப்புறம் எடுக்கவே முடியவில்லை. அப்போது எனக்குப் பயம் வரவில்லை, இது என்னடா வேடிக்கை என்றுதான் இருந்தது. பயம் ஆஸ்பத்திரியில் வந்தது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, லேசானதுதான், நல்லவேளை சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். நான் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனிலேயே காலத்தைக் கழித்தவன், குழாய் என்றால் எனக்கு ஒரு பாத்தியதை உண்டு, அடைப்பா, இல்லை காற்று கட்டிக்கொண்டதா, நிச்சயமாகத் தெரியுமா சார் என்று குழறிக் குழறிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால் எந்தப் பம்புக்காரனும் முதலில் கேட்பது அதுதான். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, கையும் திரும்பிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். சோறு பிசைகிறேன், சட்டைப் பொத்தானைப் போடுகிறேன், இன்னும் என்ன வேண்டும். போன வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனேன். பால் சொசைட்டி காம்பவுண்டுக்கு முன்னால் பிரேக்கை அமுக்கினேன், கால் பிரேக்கை மிதிக்கத் தோன்றவில்லை, வண்டி நிற்கத்தான் செய்தது, சுவரில் மோதி நின்றது. மட்கார்டு நசுங்கியதோடு போயிற்று. பிரேக் பிடிக்கவில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம் என்று குழந்தைவேலு போனில் தன் அக்காவிடம் சொன்னது எனக்கும் கேட்டது, அவன் குரல் அப்படி. இன்றைக்கு மதியத்துக்குள் பல்லடத்திலிருந்து பஸ் ஏறி வருகிறான், வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவான், இனி அது அவனோடுதான் இருக்கும் என்று அக்காவும் தம்பியுமாகப் பேசி முடித்துவிட்டார்கள். நான் சண்டை போட்டேன். இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு வசந்தாமணி ஒரு வழிக்கு வந்தாள். முதலில் பிரேக்கைச் சரி பண்ணுவது, பண்ணி முடித்ததும் நான் வலது கையால் லிவரை அமுக்கிப் பிடித்துக்கொள்வது, அவள் இரண்டு கையாலும் முன் சக்கரத்தைத் தள்ளுவது. சக்கரம் அசையாவிட்டால் வண்டி இங்கேயே இருக்கும், தம்பிக்கு அவளே சொல்லிக்கொள்வாள். அசைந்தால் நான் வாய் திறக்கக் கூடாது. மெக்கானிக்கிடம் விடலாம்தான், விட்டால் அவன் அமுக்கிப் பார்த்து அவன் கைக்குச் சரி என்று சொல்லிவிடுவான், என் கைக்கு எப்படி என்று அவனுக்கு என்ன தெரியும்.

வேலையை ஆரம்பித்ததுமே ஒரு கூத்து. ஹேண்டில் பாரில் லிவருக்கு மேலே சின்னதாக ஓர் ஆயில் கிண்ணம், அதற்கு ஒரு தட்டை மூடி. ஆயுத பூஜைக்கு வசந்தாமணி வண்டியைக் குளிப்பாட்டிச் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது ஹெட்லைட்டுக்கு, டேங்குக்கு, அப்புறம் இந்த மூடிக்கு ஒரு பெரிய பொட்டு, தட்டையாக இருப்பதால் பொட்டு வைக்க வாகான இடம். இந்த வருஷம் என்னைப் பிழைக்க வைத்த சந்தோஷத்தில் எல்லாச் சாமான்களுக்கும் அள்ளி அப்பியிருந்தாள், மிக்ஸி கூடக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. மூடியைத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா. கம்பெனியில் பூஜைக்கு மறுநாள் என் முதல் வேலையே மீட்டர்களிலிருந்து சந்தனத்தைத் துடைப்பதுதான், துடைக்காமல் கழற்றியவர்களை நான் விட்ட டோஸுக்கு அளவில்லை. இன்றைக்கு என்னவென்றால் என் நினைப்பெல்லாம் ஸ்க்ரூ டிரைவரை வலது கையில் பிடித்து இரண்டு ஸ்க்ரூவையும் நானே கழற்றிவிட வேண்டும் என்பதில் இருந்தது. கழற்றினேன், இரண்டாவது ஸ்க்ரூவுக்கு இடது கை கொஞ்சம் ஒத்தாசை. கழற்றிய பெருமையில் மூடியைத் தூக்கினேன், காய்ந்த சந்தனம் அப்பளமாக உடைந்து குங்குமத்தோடு ஆயிலுக்குள் விழுந்தது. சாமி குங்குமந்தானுங்க, என்ன பண்ணிடும் என்றாள் அவள். ரப்பர் சீலுக்குச் சாமியும் தெரியாது பூதமும் தெரியாது என்றேன். மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்த சிரிஞ்சால் பழைய ஆயிலை உறிஞ்சியெடுத்து, பழைய பனியன் துணியால் கிண்ணத்தை ஒற்றியெடுத்து, இரண்டு தடவை கழுவுகிறாற் போலப் புது ஆயிலை ஊற்றி உறிஞ்சி, பிறகு நிரப்பினேன். தூள் எல்லாம் போய்விட்டது, சாயம் மட்டும் போகவில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய புது ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் என்னைப் பார்த்தது. இன்னொரு தடவை கழுவலாம் என்று நினைத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது, கழுவவே வேண்டாம், இருக்கட்டும். கம்பெனியில் எந்தப் பைப்பிலிருந்து எந்தப் பைப்புக்குத் தண்ணீர் போகிறது என்று தெரியாவிட்டால் சாயப்பொடி கலந்து விட்டுப் பார்ப்போம். கீழே ரோஸ் வந்தால் மேலே ஊற்றிய ஆயில் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், அதன் பின்னால் வெள்ளை வந்தால் எல்லாம் கழுவிப் போய்விட்டது என்று அர்த்தம். தப்பே ஒரு மீட்டராகிவிட்டதில் எனக்குச் சின்னதாக ஒரு குஷி வந்துவிட்டது, அவளிடம் சொன்னேன், அவள் சந்தனம் வைத்ததற்குத் திட்டு விழாமல் போனதே போதும் என்று இருந்தாள்.

அமுக்கு. அமுக்குகிறேன். பிடி. பிடித்திருக்கிறேன் என்று சொல்கிறேன், அவள் திறந்தாச்சுங்க என்கிறாள், விரலுக்குக் கீழே லிவர் மெதுவாக அமிழ்கிறது, மூடியாச்சுங்க என்கிறாள், விடுகிறேன். சக்கரத்துப் பக்கம் அவள் ஸ்பேனரால் திறந்து மூடுகிற நிப்பிளில் மாட்டிய மீன் தொட்டி டியூப் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போகிறது, பாட்டிலின் அடியில் கொஞ்சம் ஆயில், டியூபின் முனை அதற்குள் முங்கியிருக்கிறது. டியூபில் என்ன வருகிறது என்று என்னால் நின்ற இடத்திலிருந்து பார்க்க முடியாது, டேங்க் மறைக்கிறது. வருதா என்றால் வருதுங்க என்கிறாள். குமிழி வருதா என்றால் வருதுங்க. அதற்கும் அதே பதில்தான். குமிழி எப்படி வரும் என்று எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் வேறென்ன பார்த்தேன். தலைக்கு மேலே குளுக்கோஸ் பாட்டில், டியூபுக்குள்ளே ஒரே ஒரு குமிழி, கடுகு அளவுகூட இல்லை, அது நின்று நின்று என் கையைப் பார்த்து இறங்கி வந்தது. ரத்தத்துக்குள் காற்று போனால் ஆள் காலி என்று யாரோ எப்போதோ சொன்னது, என் வாய் அப்போது கோணிக்கொண்டிருந்தது, கூப்பிட நினைத்தால் சத்தம் ஒன்று, சொல் ஒன்று. அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து விரலால் ஒரு சுண்டு சுண்டினாள், குமிழி மேலே ஏறிப் போய்விட்டது, இதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கப்பா என்றாள். ஒன்றும் ஆகாது என்பது பிறகுதான் நம்பிக்கையானது, அன்றைக்கு ராத்திரி முழுக்க அது திரும்பி இறங்குகிறதா என்று பார்த்தபடி கிடந்தேன். அன்றைக்குக் காற்று வரக் கூடாது, இன்றைக்குக் காற்று வர வேண்டும், அதே டியூப்தான். அமுக்கு. பிடி. சுண்டு விரலும் மோதிர விரலும் லிவரைத் தொட்டுக்கொண்டு இருக்கின்றன, இருக்கின்றன என்று பார்த்தால் தெரிகிறது. லிவர் மெத்தென்று இருப்பதாக எனக்குத் தெரிகிறது, சரி, தெரிவது எதில், லிவரிலா கையிலா. கண்ணை மூடிக்கொண்டு பஞ்சைத் தொடுகிறவனுக்குப் பஞ்சு மெத்தென்று இருக்கிறதா, விரல் மரத்திருக்கிறதா, எப்படித் தெரியும். இந்தக் கேள்வி எனக்குப் போன வாரமே வந்தது, சுவருக்குப் பக்கத்தில் நசுங்கிய மட்கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே வந்தது, வந்த வேகத்தில் அனுப்பிவிட்டேன். இடது கையால் அமுக்கிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் இத்தனை நாளும் அமுக்கவில்லை.

ரோஸ் வந்துருச்சுங்க என்கிறாள் கீழேயிருந்து. முதலில் டீ டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக வந்ததாம், இப்போது ரோஸ் கலரில் வருகிறதாம், குரலில் அவளுக்கும் ஒரு குஷி. மேலே கிண்ணத்தில் நான் ஊற்றியது அவ்வளவு தூரம் வளைந்து நெளிந்து போய்ச் சேர்ந்துவிட்டது, பார்க்க ஆசையாக இருக்கிறது, லிவரை விட்டால் காரியம் கெடும். சரி, அப்படியானால் இப்போது லிவர் இறுகியிருக்க வேண்டுமே. அமுக்கினேன். அவல்தான். கிண்ணத்தில் மறுபடி ஆயில் ஊற்றினேன், மறுபடி அமுக்கு, பிடி, திற. மூடியாச்சுங்க. மறுபடி. மூடியாச்சுங்க. எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அவள் திறந்தாச்சு என்பதற்கும் மூடியாச்சு என்பதற்கும் நடுவில் மூச்சு விடக்கூட நேரமில்லை. திறந்த வேகத்தில் மூடினால் காற்று எப்படி வெளியே வரும், சினிமாக் கொட்டகைக் கதவா இது. கொஞ்ச நேரம் தெறந்து வை என்றேன். சரிங்க என்றாள், அடுத்த தடவையும் அதே அவசரம். எனக்குக் கோபம் வந்துவிட்டது, உனக்கு அடுப்புல பால் பொங்குதா, எதுக்கு இந்தப் பறப்புப் பறக்கறே, நான் இங்க பிடிச்சுட்டுத்தானே நிக்கிறேன் என்று சத்தம் போட்டேன். அவள் பதில் பேசவில்லை. பதில் பேசாமல் இருப்பவள் இல்லை அவள், ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள், மாமியாரோடு சரிக்குச் சரி நின்றவள். ஸ்பேனரை நிப்பிளில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பம்ப் தண்ணீர் எடுக்காவிட்டால் டெலிவரிப் பக்கம் எத்தனை நாள் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, கிணற்றுக்குள் இறங்கி ஃபுட் வால்வைப் பார்க்க வேண்டும், அங்கேதான் இருக்கும் விஷயம். அப்படி என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டு, நீ மேல வா, நான் கீழே உட்கார்ந்து பார்க்கறேன், நீ வந்து அமுக்கு என்றேன். வேண்டாமுங்க என்றாள், நானே பார்த்து மெதுவா மூடறேன் என்றாள். எழுந்திரு என்றேன்.

மணைப்பலகையில் உட்கார்வதற்கே ஒரு கால் மடங்கி ஒரு கால் நீண்டு ஒரு வழியாயிற்று. ஸ்பேனரை இடது கையில் வாங்கிக்கொண்டேன், திருகுவதற்கு எந்தக் கையாயிருந்தால் என்ன. டியூபில் ரோஸ் ஆயில் ஒரு சாண் உயரத்துக்கு நின்றது, அழகாகத்தான் இருந்தது, கண்ணாடி வளையல் மாதிரி. அமுக்கு என்றேன், அமுக்கினாள், பிடிச்சுக்க என்றேன், பிடிச்சிருக்கேனுங்க என்றாள், திறந்தேன். சர்ரென்று ஒரு பாய்ச்சல். ரோஸ் முழுவதும் ஒரே தள்ளில் டியூபைத் தாண்டிப் பாட்டிலுக்குள் போய் விழுந்தது, பின்னாலேயே வெள்ளை, வெள்ளைக்கு நடுவில் ஒரு குமிழி, கடுகு இல்லை, மொச்சைக் கொட்டை அளவு, அதன் பின்னால் குஞ்சும் குளுவானுமாக நாலைந்து. நான் மூட மறந்துவிட்டேன். மூட மறந்து எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது, டியூபில் ஆயில் போன இடத்தில் அப்படியே நின்றது, ஒரு நூல்கூடத் திரும்பி வரவில்லை, மேலே ஒரு கை அதை விடாமல் பிடித்திருந்தது. மூடலைங்களா என்று அவள் கேட்ட பிறகுதான் மூடினேன். அமுக்கு என்றேன் மறுபடி, குரல் சின்னதாகிவிட்டது. மறுபடி சர். நான் முட்டாள் இல்லை, டியூபைப் பார்த்துப் பிரஷரைச் சொல்வது என் பிழைப்பு. என் கை அமுக்கியபோது இதே டியூபில் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊறியிருக்கும். ஊறி ஒரு விரற்கடை நகர்ந்திருக்கும், நான் பிடித்திருக்கிறேன் பிடித்திருக்கிறேன் என்று மேலே சொல்லிக்கொண்டிருக்கும்போதே இங்கே பின்னால் நகர ஆரம்பித்திருக்கும், லிவர் என் விரல்களைத் தள்ளிக்கொண்டு திரும்பியிருக்கும். அது திரும்பி உள்ளே போவதற்குள் மூடிவிட வேண்டும் என்றுதான் அவள் அப்படிப் பறந்திருக்கிறாள். காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் என் கை விட்டுப்போவதை இங்கே உட்கார்ந்து கண்ணால் பார்த்திருக்கிறாள், பார்த்துக்கொண்டே வருதுங்க என்று சொல்லியிருக்கிறாள். திட்டையும் வாங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வெட்கம்தான், வேறென்ன. அதோடு கூட, இதைச் சொன்னால் அசட்டுத்தனம் என்பார்கள், அந்த மொச்சைக் கொட்டைக் குமிழியைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருந்தேன், காற்று நிஜமாகவே இருந்தது, நான் சொன்னது பொய்யில்லை, லைனிலும் இருந்தது, கையிலும் இருக்கிறது, இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்டது.

குமிழி நின்று வெள்ளை ஆயில் தொடர்ந்து வந்ததும் நிப்பிளை இறுக்கி, டியூபைக் கழற்றி, கிண்ணத்தை நிரப்பி மூடியைப் போட்டோம், இந்த முறை ஸ்க்ரூவை அவள் முடுக்கினாள். ஆயில் பட்டால் பெயின்ட் போய்விடும் என்று ஈரத்துணியால் டேங்கைத் துடைத்தாள். லிவரைத் தொட்டுப் பார்த்து, அட, கல்லாட்டம் ஆயிருச்சுங்க என்றாள், என்றதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பாத்துரலாம் என்றேன். இப்பவேவா, சித்த நேரம் உட்காருங்க, காப்பி வெக்கிறேன் என்றாள். இல்லை, பாத்துரலாம் என்றேன். அவள் சக்கரத்துக்கு முன்னால் முழங்காலிட்டு இரண்டு கையாலும் டயரைப் பிடித்தாள். டயருக்குக் காற்றடிக்கும் மூக்கு நேராக மேலே இருந்தது, அதன் கறுப்பு மூடியைப் பார்த்துக்கொண்டேன். அவள் குனிந்திருக்கிறாள், அவள் கண்ணுக்குத் தரைதான் தெரியும், நான் எந்தக் கையால் அமுக்குகிறேன் என்று தெரியாது, இடது கை சும்மாதான் இருக்கிறது, எட்டிப் பிடித்தால் எட்டும். இரண்டு வருஷம் ஓட்டலாம், மூன்று வருஷம் ஓட்டலாம், காலையில் சிங்காநல்லூர் வரை போய் டீ குடித்துவிட்டு வரலாம், யாரையும் கேட்காமல் ஓர் இடத்துக்குப் போகலாம், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை, அதுவே எனக்கு எல்லாமும்கூட. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நல்லவன் என்பதால் இல்லை. என்னதான் ஆகிறது என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஒரு பம்ப் பாஸா ஃபெயிலா என்று தெரியாமல் நான் சாப்பாட்டுக்குப் போனதில்லை. வலது கையால் அமுக்கினேன். லிவர் கொஞ்சம் போய்க் கெட்டியாக நின்றது, இந்தத் தடவை எனக்கே தெரிந்தது, கல் இருக்கிறது, விரல்தான் மெத்தென்று இருக்கிறது. தள்ளு என்றேன். தள்ளினாள். சக்கரம் அசையவில்லை. மூக்கு மேலேயே இருந்தது. நன்றாகத் தள்ளு என்றேன், அவள் தோள் இறுகியது, சக்கரம் நின்றது, நிற்கிறது, நிற்கிறதே. அப்புறம் சுண்டு விரல் நழுவியது. நான் நழுவவிடவில்லை, அதுவாக நழுவியது, அதைத் தொடர்ந்து மற்றதும் இளகியது, கறுப்பு மூடி மேலேயிருந்து மெதுவாக, கடிகார முள் போல, பக்கவாட்டுக்குச் சாய்ந்தது. வசந்தாமணி சட்டென்று கையை எடுத்துவிட்டாள். அசையலைங்க என்றாள், தரையைப் பார்த்தபடியே.

அவளுக்கு நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, அதற்குள் கேட் திறந்தது, குழந்தைவேலு கையில் ஒரு பை வாழைப்பழத்தோடு உள்ளே வந்தான். வந்தவன் மச்சான் நல்லாருக்கீங்களா என்று என்னைக் கேட்டுவிட்டு, சீட்டில் இருந்த அரிசிச் சிப்பத்தையும் எண்ணெய்க் கையோடு நின்ற அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். பிரேக் வேலையா நடக்குது, சரியாச்சுங்களா என்று கேட்டான். நான் வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம், திறக்காமல் நின்றேன். வசந்தாமணி முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து உதறிவிட்டு, தம்பியைப் பார்க்காமல் சொன்னாள்.

"இல்லடா வேலு. இன்னம் காத்து நிக்கவே இல்ல, பிரேக்குப் புடிக்கறதே இல்ல. இதை எடுத்துட்டு ரோட்டுல போனீன்னா நீயும் செவுத்துல போயித்தான் முட்டுவே. மச்சான் இன்னம் நாலு நாள் பாக்கட்டும், நீ அப்புறமா வா."

நான் அவளைப் பார்த்தேன். வண்டி வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று இரண்டு நாள் என்னோடு மல்லுக்கு நின்றவள் இவள்தான். கல்லாட்டம் இருக்கிறது என்று வாய் நிறையச் சொன்னவளும் இவள்தான், சொல்லிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தலையை ஆட்டிவிட்டால் போதும், நாலு நாள், நாலு நாளுக்கப்புறம் இன்னும் நாலு நாள், என் கட்சி அப்படியே இருக்கும், பழி வண்டியோடு போகும். எனக்கு அவள் மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது, அதை மறைப்பானேன். ஆனால் அவள் சொன்ன வார்த்தை காதில் நெருடிக்கொண்டே இருந்தது. பிரேக்குப் பிடிக்கவே இல்லை. நல்ல பம்பை ஒருவன் ஃபெயில் என்று எழுதினால் அது அந்தப் பம்புக்குச் செய்கிற துரோகம், இதை என் கீழே வேலை பார்த்தவர்களுக்கு ஓதி ஓதி என் தொண்டை போயிருக்கிறது. மாப்ள, இங்க வா என்றேன். வந்தான். லிவரை அமுக்கச் சொன்னேன். அமுக்கினான், புருவம் மேலே போயிற்று.

"கல்லாட்டம் நிக்குதுங்க மச்சான். நல்லாத்தானுங்க இருக்குது."

"நல்லாத்தான் இருக்குது. காத்து இருந்துச்சு, எடுத்தாச்சு. இப்ப என்னுதைப் பாரு" என்று வலது கையை லிவரில் வைத்து அமுக்கிப் பிடித்தேன், சக்கரத்தை நீ தள்ளு என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, அக்காவைப் பார்த்தான், பிறகு குனிந்து ஒற்றைக் கையால் தள்ளினான். இந்தத் தடவை கறுப்பு மூடி நிற்கக்கூட இல்லை, சுற்றிக் கீழே போய்விட்டது. அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கப் பயந்து கையைப் பார்த்தான். "வண்டி பாஸ் மாப்ள. எடுத்துட்டுப் போ" என்றேன்.

அவன் சிப்பத்தை இறக்கி உள்ளே வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அக்கா சொல்வாள் என்று சிறிது நேரம் நின்றான், அவள் சொல்கிற நிலையில் இல்லை. பிறகு சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை வெளியே தள்ளிப் போய் ஸ்டார்ட் பண்ணினான். வசந்தாமணி ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள், இத்தனை மாதத்தில் என் கண் முன்னால் அழுவது இதுதான் முதல் தடவை, ஆஸ்பத்திரியில்கூட வராந்தாவுக்குப் போய்த்தான் அழுதிருக்கிறாள். அழாதே என்று சொல்லியிருக்க வேண்டும். அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன், கண்ணைத் துடைக்கவில்லை, ஏனென்றால் என் காது தெருவில் இருந்தது. வண்டி போகிற சத்தம், இரண்டாவது கியர், மூன்றாவது, தெருமுனைக்குக் கிட்டே போகிறது, அங்கே ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது, இப்போது அமுக்குவான், இதோ, அமுக்குகிறான். சீறவில்லை, கிரீச்சென்று ஒரு சத்தம் இல்லை, போய்க்கொண்டிருந்த வண்டி போகாமல் ஆயிற்று, அவ்வளவுதான். "நின்னுருச்சு" என்றேன் அவளிடம்.